வெற்றி பெற்றவர்களின் அச்சம்

2025-ஆம் வருஷம் மே மாதம் 3-ஆம் தேதி நடந்த ஆஸ்திரேலியப் பொதுத் தேர்தலில், தொழிற்கட்சி பிரதிநிதி சபையின் 150 ஸ்தானங்களில் 94 ஸ்தானங்களைக் கைப்பற்றியது. எதிர்க்கட்சித் தலைவராயிருந்த மிஸ்டர் பீட்டர் டட்டன் தமது சொந்தத் தொகுதியாகிய டிக்ஸனிலேயே தோற்றுப் போனார். சமஷ்டி எதிர்க்கட்சியின் தலைவர் ஒருவர் பொதுத் தேர்தலில் தமது ஸ்தானத்தையே இழந்தது அந்நாட்டுச் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை. பசுமைக் கட்சியின் தலைவராயிருந்த மிஸ்டர் ஆடம் பாண்டும் மெல்போர்ன் தொகுதியை இழந்தார். பிரதம மந்திரி மிஸ்டர் அந்தோணி அல்பனீஸி, 2004-ஆம் வருஷத்திற்குப் பிறகு, அடுத்தடுத்த இரண்டு பொதுத் தேர்தல்களில் தம் கட்சியை நடத்தி வென்ற முதல் பிரதம மந்திரியானார். இவ்வளவு பெரிய பலத்தை அடைந்த கட்சி இனி எதற்கும் அஞ்சாமல் காரியம் செய்யும் என்று தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் எண்ணுவது இயல்பே. ஆனால் கான்பெராவில் நடப்பதைக் கூர்ந்து கவனிப்பவர்களுக்கு வேறொரு காட்சி புலப்படும். தோற்றவர்கள் தங்களுக்குள் சண்டையிட்டுக் கொள்கிறார்கள். வென்றவர்களோ தங்கள் வெற்றியைக் கண்டே அஞ்சுகிறார்கள். இந்த அச்சம் எங்கிருந்து வந்தது, அதன் பலனை யார் அநுபவிக்கிறார்கள் என்பதை ஆராய்வது நம் தேசத்தார்க்கும் அவசியம். ஏனெனில், அந்த நாட்டில் இன்று இந்தியாவில் பிறந்தவர்கள் மட்டும் 9 லட்சத்துக்கு மேற்பட்டிருக்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுவோர் 2021-ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படியே ஏறக்குறைய 95,000 பேர்.

முதலில் அந்த 94 ஸ்தானங்களின் கணக்கைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் ஓட்டுப் போடுவது 1924-ஆம் வருஷத்துச் சட்டப்படி கட்டாயக் கடமை. பிரதிநிதி சபைத் தேர்தலில் வாக்காளர் ஒரே ஒரு அபேட்சகரின் பெயருக்கு நேரே அடையாளமிட்டு விட்டுவிட முடியாது. நிற்கிறவர் அனைவரையும் 1, 2, 3 என்று தமது விருப்ப வரிசைப்படி எண்ணிட வேண்டும். முதல் விருப்ப ஓட்டுகளில் பாதிக்கு மேல் ஒருவருக்கும் கிடைக்காவிட்டால், கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருடைய ஓட்டுகளை அவற்றில் கண்ட அடுத்த விருப்பத்தின்படி மற்றவர்களுக்குச் சேர்ப்பார்கள். 1918 முதல் அமலிலிருக்கும் முறை இது. இம்முறையின்படி 2025-இல் தொழிற்கட்சிக்குக் கிடைத்த முதல் விருப்ப ஓட்டுகள் நூற்றுக்கு 35-க்கும் சற்றுக் குறைவு. லிபரல், நேஷனல் கட்சிகளின் கூட்டணிக்குக் கிடைத்தவை நூற்றுக்கு 32-க்கும் சற்றுக் குறைவு. ஜனங்களில் மூன்றில் ஒரு பங்கினர் இவ்விரு அணிகளில் எதையும் முதலில் விரும்பவில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே தீரவேண்டும் என்ற நிலை வந்தபோது, அவர்களில் பெரும்பாலோர் தொழிற்கட்சியை மேல் என்றனர். கடைசிக் கணக்கில் நூற்றுக்கு 55 பேர் அதன் பக்கம் நின்றனர். ஆகவே வீடு பெரிதாயிருக்கிறது, அஸ்திவாரமோ குறுகலாயிருக்கிறது. அதன் தலைவர்கள் இதை நன்கறிவார்கள். அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் தரையைத் தட்டிப் பார்ப்பதற்கு இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் பழைய நினைவுகள். மிஸ்டர் காஃப் விட்லம் 1972-ஆம் வருஷம் டிஸம்பர் மாதத்தில், 23 வருஷகாலம் எதிர்க்கட்சியாயிருந்த தொழிற்கட்சியை ஆட்சிக்குக் கொண்டுவந்தார். கட்டாய ராணுவ சேவையை ஒழித்தார், சீனத்தை அங்கீகரித்தார், நிறவேற்றுமைக் குடியேற்றக் கொள்கையின் மிச்சத்தைத் துடைத்தார், 1975-இல் நிறவேற்றுமைத் தடைச் சட்டத்தை நிறைவேற்றினார். மூன்று வருஷத்தில் முப்பது வருஷத்து வேலையை முடிக்கப் பார்த்தார் எனலாம். அதே 1975-இல் எதிர்க்கட்சியினர் செனட் சபையில் பண மசோதாக்களை நிறுத்தி வைத்தனர். நவம்பர் 11-ஆம் தேதி கவர்னர் ஜெனரல் ஸர் ஜான் கெர், பிரதிநிதி சபையில் பெரும்பான்மை பெற்றிருந்த பிரதம மந்திரியைத் தம் கையெழுத்தினால் பதவி நீக்கி, எதிர்க்கட்சித் தலைவர் மிஸ்டர் மால்கம் ஃப்ரேஸரை அவ்விடத்தில் அமர்த்தினார். ஜனங்கள் இதை மறுப்பார்கள் என்று விட்லம் நம்பினார். அடுத்த மாதத் தேர்தலில் ஜனங்கள் ஃப்ரேஸருக்கே பெரு வெற்றியளித்தார்கள். அரசனின் பிரதிநிதியிடம் எழுத்தில் உறங்கிக் கிடக்கும் அதிகாரம் ஒரு நாள் எழுந்து நடக்கும் என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டுவதில்லை. கவர்னர்களின் அதிகார எல்லையைப் பற்றி நம் நாட்டில் வாதிப்பவர்கள் இந்த விவகாரத்தை மனப்பாடம் செய்து வைத்துக் கொள்வது நலம்.

தொழிற்கட்சியினர் அதிலிருந்து கற்ற பாடம் மெதுவாகப் போகவேண்டும் என்பது. 2019-ஆம் வருஷத்துத் தேர்தல் அப்பாடத்தை மறுபடி உறுதிப்படுத்தியது. அத்தேர்தலில் கட்சித் தலைவராயிருந்த மிஸ்டர் பில் ஷார்ட்டன், வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்குவோர்க்குள்ள வரிச் சலுகைகளைக் குறைக்கப் போவதாக வெளிப்படையாய்ச் சொன்னார். எல்லோரும் வெற்றியென்று எதிர்பார்த்த தேர்தலில் தோற்றார். 2022-இலும் 2025-இலும் தொழிற்கட்சி அத்திட்டத்தைக் கைவிட்டே ஜனங்களிடம் சென்றது.

மூன்றாவது அடி எல்லாவற்றிலும் வலியது. அத்தேசத்தின் பூர்வகுடிகள், பாராளுமன்றத்துக்கு யோசனை கூறுவதற்குத் தங்களுக்கென ஒரு சபை வேண்டுமென்றும், அது அரசியல் சட்டத்திலேயே இடம்பெற வேண்டுமென்றும் 2017-ஆம் வருஷத்தில் உலுரு என்னும் புண்ணிய ஸ்தலத்தில் கூடி ஒரு விண்ணப்பம் வெளியிட்டனர். அவர்கள் கேட்டது சட்டமியற்றும் அதிகாரமன்று. சட்டத்தைத் தடுக்கும் அதிகாரமுமன்று. தங்களைப் பற்றிச் சட்டம் செய்யும்போது தங்கள் வார்த்தையைக் கேட்க வேண்டும் என்ற ஒன்றுதான். 2022-இல் வெற்றி பெற்ற இரவே மிஸ்டர் அல்பனீஸி அவ்விண்ணப்பத்தை முழுமையாய் நிறைவேற்றுவதாக வாக்களித்தார். ஆஸ்திரேலிய அரசியல் சட்டத்தைத் திருத்துவது எளிதன்று. தேசம் முழுவதிலும் பெரும்பான்மை வேண்டும். ஆறு ராஜ்யங்களில் நான்கிலேனும் தனித்தனியே பெரும்பான்மையும் வேண்டும். பெரிய கட்சிகள் இரண்டும் ஒன்றுபடாமல் எந்தத் திருத்தமும் நிறைவேறியதில்லை. நேஷனல் கட்சியினர் முதலிலேயே எதிர்த்தனர். 2023 ஏப்ரலில் மிஸ்டர் டட்டனும் எதிர்ப்பதென்று முடிவு செய்தார். விஷயம் தெரியாவிட்டால் வேண்டாமென்றே போடுங்கள் என்று அவர்கள் செய்த பிரசாரம் வீடு வீடாய்ப் புகுந்தது. அறியாமையைப் போக்குவது தலைவர்களின் தொழில். அறியாமையையே ஓட்டாக மாற்றிக் கொள்ளும் வித்தையை என்னவென்று சொல்வது! 2023 அக்டோபர் 14-ஆம் தேதி நூற்றுக்கு 60 பேர் வேண்டாமென்றனர். ஆறு ராஜ்யங்களும் மறுத்தன. 1967-இல் பூர்வகுடிகளை ஜனக் கணக்கில் சேர்ப்பதற்கான திருத்தத்தை நூற்றுக்கு 90 பேர் ஆதரித்த அதே தேசந்தான் இது. இதுவரை ஜனங்கள் முன் வைக்கப்பட்ட 45 திருத்தங்களில் நிறைவேறியவை எட்டே எட்டு.

இத்தோல்விக்குப் பின் சமஷ்டி அரசாங்கம் அப்பக்கம் திரும்பவே தயங்கியது. நாடு முழுவதற்குமான உடன்படிக்கையைப் பற்றிய பேச்சு பின்னுக்குத் தள்ளப்பட்டது. குடியரசு விஷயமும் அப்படியே. அரசனை நீக்கிக் குடியரசாவதற்கு 1999-இல் நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு 45 பேரே ஆதரவளித்தனர். அல்பனீஸி 2022-இல் குடியரசுக்கென்றே ஓர் உதவி மந்திரியை நியமித்தார். 2024-இல் அப்பதவியை எடுத்துவிட்டார். தாம் பிரதம மந்திரியாயிருக்கும் வரையில் இன்னொரு வாக்கெடுப்பு இல்லையென்று 2025-இல் தெரிவித்தார். நூற்றுக்கு 60 பேர் மறுத்ததை அரசாங்கம் அலட்சியம் செய்ய முடியாது என்பது நியாயமே. ஜனநாயகத்தில் ஜனங்களின் தீர்ப்பு நமக்குப் பிடிக்காவிட்டாலும் தீர்ப்புத்தான். அன்றியும் இந்த அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவதும் பொய்யாகும். மாணவர்களின் கல்விக் கடனில் ஐந்தில் ஒரு பங்கை 2025-இல் தள்ளுபடி செய்தது. அதே வருஷம் செப்டம்பரில் பாலஸ்தீனத்தை அங்கீகரித்தது. ஆயினும் ஒரு விஷயம். தென் ஆஸ்திரேலிய ராஜ்யம் 2023-லேயே பூர்வகுடிகளின் ஆலோசனைச் சபைக்குச் சட்டம் செய்து, 2024-இல் அதற்குத் தேர்தலும் நடத்தியது. விக்டோரியா ராஜ்யம் 2025-இல் பூர்வகுடிகளோடு உடன்படிக்கை செய்துகொள்ளச் சட்டம் நிறைவேற்றியது. இரண்டு ராஜ்யங்களிலும் 2023 வாக்கெடுப்பில் ஜனங்கள் வேண்டாமென்றுதான் சொன்னார்கள். அரசியல் சட்டத்தில் எழுத முடியாததைச் சாதாரணச் சட்டத்தால் தொடங்கி வைக்கலாம் என்பதைச் சிறிய அரசாங்கங்கள் காட்டிவிட்டன. 94 ஸ்தானமுள்ள பெரிய அரசாங்கத்துக்கு மட்டும் அந்த வழி தெரியாமற் போனதேன்?

இனி எதிர்க்கட்சியின் பக்கம் திரும்புவோம். டட்டனுக்குப் பின் 2025 மே மாதத்தில் ஸ்ரீமதி ஸூஸன் லே, மிஸ்டர் ஆங்கஸ் டெய்லரை 29-க்கு 25 என்ற ஓட்டுக் கணக்கில் வென்று, லிபரல் கட்சியின் முதல் பெண் தலைவரானார். ஒரு வாரத்துக்குள் நேஷனல் கட்சி கூட்டணியை முறித்துக் கொண்டது. மறு வாரமே திரும்பி வந்தது. அந்த வருஷம் நவம்பரில், கரியமில வாயுவைக் குறைக்க 2050-க்குள் எட்டவேண்டிய இலக்கை இரு கட்சிகளும் ஒன்றன்பின் ஒன்றாய்க் கைவிட்டன. நேஷனல் கட்சியின் பழைய தலைவரும் ஒருகாலத்து உதவிப் பிரதம மந்திரியுமான மிஸ்டர் பார்னபி ஜாய்ஸ், டிஸம்பரில் ஸ்ரீமதி பாலின் ஹான்ஸனின் ஒரே தேசக் கட்சியில் போய்ச் சேர்ந்தார். குடியேறுவோர்க்கு விரோதமான பேச்சையே மூலதனமாகக் கொண்ட கட்சி அது. நகரங்களில் சுயேச்சைப் பெண் அபேட்சகர்களிடமும், நாட்டுப்புறத்தில் ஹான்ஸன் கட்சியிடமும் ஓட்டுகளை இழந்து, நடுவில் நின்று தவிக்கும் கட்சிக்கு எப்போதும் ஒரு சுலபமான உபாயம் கண்ணிற்படும். அந்நியனைக் காட்டுவதே அந்த உபாயம்.

இங்கேதான் விஷயம் நம்மைத் தொடுகிறது. 2025 ஆகஸ்டு 31-ஆம் தேதி, பெருநகரங்களில் குடியேற்றத்திற்கு எதிரான ஊர்வலங்கள் நடந்தன. அவற்றின் பிரசாரத் துண்டுகளில் இந்தியர்களைப் பெயர் சொல்லியே குறித்திருந்தார்கள். அடுத்த சில தினங்களில் லிபரல் அணியைச் சேர்ந்த செனட்டர் ஸ்ரீமதி ஜஸிந்தா பிரைஸ், தொழிற்கட்சிக்கே ஓட்டுப் போடுவார்கள் என்பதற்காக அரசாங்கம் இந்தியர்களைக் கொண்டுவருகிறது என்ற பொருள்படப் பேசினார். பேச்சைப் பின்னர் ஓரளவு மாற்றிக் கொண்டாராயினும் மன்னிப்புக் கேட்க மறுத்தார். ஸ்ரீமதி லே அவரைத் தமது முன்வரிசையிலிருந்து நீக்கினார். இந்தியர்களிடம் தாமே வருத்தம் தெரிவித்துக் கொண்டார். ஸ்ரீமதி பிரைஸ் பூர்வகுடி மரபில் வந்தவர் என்பதும், 2023-இல் ஆலோசனைச் சபையை எதிர்த்தவர்களில் முன்னின்றவர் என்பதும் கவனிக்கத்தக்கவை. ஒடுக்கப்பட்டவர் ஒவ்வொருவரும் ஒடுக்கப்பட்டவர் அனைவருக்காகவும் பேசுவார் என்று எண்ணுவது நம்முடைய ஆசையேயன்றி உலக அநுபவமன்று.

அவருடைய குற்றச்சாட்டு சட்டத்திலும் நிற்காது, கணக்கிலும் நிற்காது. ஆஸ்திரேலியாவுக்கு வந்திறங்கும் மாணவருக்கும் தற்காலிகத் தொழிலாளிக்கும் ஓட்டில்லை. நான்கு வருஷம் சட்டப்படி வசித்து, அதில் கடைசி ஒரு வருஷமேனும் நிரந்தரவாசியாயிருந்து, பிரஜா உரிமை பெற்ற பிறகே ஓட்டு வரும். அந்த ஓட்டும் ரகசியமானது. ரகசிய ஓட்டுமுறையை 1856-லேயே அமலுக்குக் கொண்டுவந்து, உலகம் அதை ஆஸ்திரேலிய ஓட்டு என்றே அழைக்கும்படி செய்த தேசம் அது. அத்தேசத்தின் செனட்டர் ஒருவர், இன்ன ஜாதியார் இன்ன கட்சிக்கே ஓட்டளிக்கிறார்கள், ஆகையால் அவர்களை விடலாகாது என்று பேசுவது தம் முன்னோர் தேடிய புகழைத் தாமே குறைப்பதாகும்.

பழைய கதையை அவர்களில் பலர் மறந்திருக்கலாம், நாம் மறக்கவில்லை. 1901 ஜனவரி 1-ஆம் தேதி ஆறு குடியேற்ற நாடுகளும் ஒன்றாகிச் சமஷ்டி பிறந்தது. அவ்வருஷமே புதிய பாராளுமன்றம் வெள்ளையரல்லாதாரைத் தடுக்கும் குடியேற்றத் தடைச் சட்டத்தை இயற்றியது. ஜாதியின் பெயர் அச்சட்டத்தில் இல்லை. ஏதேனும் ஓர் ஐரோப்பிய பாஷையில் ஐம்பது வார்த்தைகளைச் சொல்லி எழுதச் சொல்லும் பரீட்சை மட்டுமே இருந்தது. வேண்டாதவன் எந்தப் பாஷையை அறியானோ அந்தப் பாஷையில் பரீட்சை வைப்பார்கள். 1922-இல் தஞ்சை ஜில்லா வலங்கைமானில் பிறந்த ஸ்ரீ வி. எஸ். ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார், அங்கே வசித்த சொற்ப இந்தியர்களின் உரிமைக்காக அந்நாடெங்கும் பிரசங்கம் செய்தார். 1925-இல் அவர்களுக்குச் சமஷ்டித் தேர்தல்களில் ஓட்டுரிமை வந்தது. சாஸ்திரியாருடைய மிதவாத ராஜீய முறையை இகழ்ந்தவர் அக்காலத்திலேயே பலர். அடிமை நாட்டின் பிரதிநிதியாய்ச் சென்று, தயவென்ற வாசல் வழியாகவே நியாயத்தைக் கேட்க வேண்டியிருந்தது அவர் பாடு. இன்று அங்குள்ள நம்மவர்க்கு அந்த நிலை இல்லை. பரீட்சை 1958-இல் ஒழிந்தது. நிறவேற்றுமைக் கொள்கை 1973-க்குள் வேரோடு களையப்பட்டது. மலேசியாவில் பிறந்த ஸ்ரீமதி பென்னி வாங் 2022-இல் அந்நாட்டின் வெளிநாட்டு மந்திரியானார். இதையெல்லாம் மறைப்பது நேர்மையாகாது. ஆனால் மூடிய கதவைத் திறந்தவர்களே, கோபம் கிளம்பும்போது கதவருகே நிற்பவனைக் காட்டிக்கொடுக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

கோபம் எதனால் கிளம்பிற்று? வீடு கிடைக்கவில்லை, கிடைத்த வீட்டின் விலையும் வாடகையும் தாங்கவில்லை. 2020, 2021 வருஷங்களில் நோய்க்காக அடைத்த எல்லைகள் திறந்தபின், 2022-23-இல் போனவர்களைக் கழித்து வந்தவர்களின் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது உண்மையே. வருகிறவர்க்கு வீடு வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் அந்த வெள்ளம் அடுத்த வருஷமே வடியத் தொடங்கியது. வீட்டு விலை ஏற்றமோ அதற்கு இருபது வருஷம் மூத்தது. வாடகை வீட்டில் வரும் நஷ்டத்தைச் சம்பள வருமானத்தில் கழித்துக்கொள்ள அங்கே வரிச் சட்டம் இடம் கொடுத்து வந்திருக்கிறது. 1985-இல் ஹாக், கீட்டிங் அரசாங்கம் இச்சலுகையை நிறுத்தி, 1987-இல் திரும்பக் கொடுத்தது. வீட்டை விற்று வரும் லாபத்தில் பாதிக்கு வரியில்லை என்ற ஏற்பாடு 1999-இல் ஹோவர்ட் அரசாங்கத்தில் வந்தது. இரண்டும் சேர்ந்து, ஒரு வீடு வைத்திருப்பவன் இரண்டாவது வீடு வாங்குவதை எளிதாக்கின. வீடில்லாதவன் முதல் வீடு வாங்குவதைக் கடினமாக்கின. இதைத் தொடப்போன ஷார்ட்டன் 2019-இல் தோற்றார். தொடாதிருந்த அல்பனீஸி இருமுறை வென்றார். ஐந்து வருஷத்தில் 12 லட்சம் வீடுகள் கட்டுவதாக 2023-இல் இலக்கு வைத்தார்கள். கட்டுவதில் யாருக்கும் விரோதமில்லை. சலுகையை எடுப்பதில்தான் விரோதம். ஆகவே வீட்டுக்காரனைக் கேள்வி கேட்க அஞ்சிய காலமெல்லாம், குடிவந்தவன்மேல் பழி ஏறிக்கொண்டே வந்தது. இதுவே வென்றவர்களின் அச்சத்துக்குக் கொடுக்கும் விலை. அதைக் கொடுப்பவர்கள் மந்திரிகளல்லர். பிரிஸ்பேனிலும் மெல்போர்னிலும் ரயிலில் போகும் நம் இளைஞர்கள்.

அகதிகள் விஷயத்திலும் இரு கட்சிகளின் அச்சமும் ஒன்றையொன்று வளர்த்தது. நௌரு தீவு முகாமை 2012-இல் திரும்பத் திறந்தது தொழிற்கட்சியின் கில்லார்ட் அரசாங்கம். படகில் வருவோர்க்கு ஆஸ்திரேலியாவில் ஒருநாளும் குடியிருக்க இடமில்லை என்று 2013 ஜூலையில் அறிவித்தவர் அதே கட்சியின் மிஸ்டர் கெவின் ரட். எதிர்க்கட்சி கடுமையாய்ப் பேசுகிறதென்று அஞ்சி, அதனினும் கடுமையாய் நடந்தார்கள். அப்படி நடந்தும் அவ்வருஷத்துத் தேர்தலில் தோற்றார்கள். ஆனால் க்வீன்ஸ்லாந்தின் பிலோவீலா என்னும் சிற்றூர் வேறொரு பாடம் கற்பித்தது. அங்கே வசித்துவந்த ஓர் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தை 2018 மார்ச்சில் விடியற்காலையில் அதிகாரிகள் கொண்டுபோனார்கள். 2019-இல் விமானமேற்றி நாடு கடத்தும் தறுவாயில் நீதிமன்றத் தடையுத்தரவு வந்தது. பிறகு கிறிஸ்துமஸ் தீவில் அடைத்தார்கள். இறைச்சித் தொழிலையும் பயிர்த் தொழிலையும் நம்பி வாழும் அவ்வூர் மக்கள், கட்சி பேதம் பாராமல், நான்கு வருஷம் விடாமல் கிளர்ச்சி செய்து, 2022 ஜூனில் அக்குடும்பத்தைத் தங்கள் ஊருக்கே திரும்ப வரவழைத்தார்கள். ஆஸ்திரேலியரின் உள்ளம் தங்கள் தலைவர்கள் எண்ணுவதைவிடப் பெரிது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அங்குள்ள நம்மவர்க்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். பிரஜைகளானவர்கள் விருந்தாளிகளைப்போல் நடக்க வேண்டாம். எந்தக் கட்சியின் சட்டைப்பையிலும் உங்கள் ஓட்டு கிடக்கிறது என்று எவரும் சொல்ல இடங்கொடாதீர்கள். வீட்டுவரிச் சலுகையையும் வாடகையையும் பற்றி மற்ற ஆஸ்திரேலியர்களோடு சேர்ந்து நின்று கேளுங்கள். உங்களுக்குத் திறந்த கதவு யாருடைய வீட்டுக் கதவு என்பதையும் நினையுங்கள். பூர்வகுடிகளின் உரிமைக்காக நீங்கள் கூடிய கூட்டம், உங்களுக்காக நீங்கள் கூடிய கூட்டத்தைவிடச் சிறிதாயிருந்தால், உங்கள் நியாயத்திலும் அந்த அளவு குறைவு உண்டு.

தொழிற்கட்சித் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவர்களுடைய சரித்திரம் 1975-ஐ மட்டும் சொல்லவில்லை. விட்லமை மூன்று வருஷத்தில் வீழ்த்தினார்கள். அவர் செய்த நிறவேற்றுமைத் தடைச் சட்டமோ அரை நூற்றாண்டாக நிற்கிறது. அச்சத்தோடு பத்து வருஷம் ஆண்டவர்களின் பெயரைத் தேடிப் பார்த்தால் பதவியேற்ற தேதியும் இறங்கிய தேதியுமே கிடைக்கும். 94 ஸ்தானங்கள் கிடைத்தது 95-ஆவது ஸ்தானத்தைத் தேடுவதற்கென்று ஜனங்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.